ஓடோமீட்டர் காட்டாத வயது

கோவை அவினாசி சாலையை ஒட்டி ஒரு பழைய கார் விற்பனையகம். என் சித்தப்பா மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். கொல்லிமலையில் அவனுக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு மூன்று கி.மீ. தூரம் கல்லும் சேறும்தான். பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. புதிதாக வாங்கினால் ஒரு கோடிக்கு மேல் ஆகும். ஒன்பது வருடப் பழசு என்றால் ஒரு புது இன்னோவாவின் விலைக்கே கிடைக்கிறது. அன்று பார்த்தது அப்படி ஓர் ஐரோப்பிய டீசல் வண்டி. கறுப்பு நிறம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் அவினாசி சாலையின் இரைச்சல் சட்டென்று நின்றுவிடுகிறது.

“பாருங்ணா, நாப்பத்திரண்டாயிரந்தான் ஓடியிருக்குதுங்க. ஒரே ஓனர். டில்லியில டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்தது” என்றார் விற்பவர். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். வாங்குவதென்று அவன் மனதுக்குள் முடிவாகிவிட்டது.

எனக்கோ அந்த நாற்பத்திரண்டாயிரம்தான் உறுத்தியது. ஒன்பது வருடத்தில் 42,000 கி.மீ. என்றால் ஒரு நாளைக்குப் பதின்மூன்று கி.மீ.கூட இல்லை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஆறு, திரும்பி வர ஆறு. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள டீசல் வண்டிக்கு இதைவிடக் கெடுதலான வாழ்க்கை அமைவது அரிது.

பழைய வண்டிக்கு நாம் கிலோமீட்டரை வைத்துத்தான் விலை பேசுகிறோம். பியரிங், பிரேக், கிளட்ச் போன்றவை ஓடினால் தேயும். அவற்றுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் ஒரு சொகுசு எஸ்.யு.வி.யில் விலை உயர்ந்த பாகங்கள் பலவும் ஓடித் தேய்வதைவிட, நின்று கெடுவதே அதிகம். ரப்பர் காற்றில் முதிர்கிறது. பிளாஸ்டிக் வெந்நீரில் நொறுங்குகிறது. எண்ணெயில் தண்ணீர் சேர்கிறது. இவற்றின் வயதை ஓடோமீட்டர் காட்டுவதில்லை.

முதலில், டில்லி வண்டி ஏன் கோவைக்கு வருகிறது என்ற கேள்வி. பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் டில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எட்டு, ஒன்பது வயதை எட்டிய பெரிய டீசல் வண்டிகளை அங்கே பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும், இங்கே வாங்கிப் பதிவு மாற்றி விற்பதும் தொழிலாகவே வளர்ந்தது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனால் அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்பதை வாங்குபவர்தான் கேட்டறிய வேண்டும்.

குறுகிய ஓட்டம் எஞ்சினுக்கு ஏன் கெடுதல் என்று பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். வண்டி ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். ஆறு கி.மீ. ஓட்டத்தில் எண்ணெய் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். ஈரம் அங்கேயே தங்கி எண்ணெயைக் கெடுக்கிறது.

புகைத்துகள் வடிகட்டி இருக்கும் வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது 600 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காக எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலை மிகையாகச் செலுத்துகிறது. குறுகிய ஓட்டத்தில் இந்த வேலை பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் வழிந்து எண்ணெயில் கலக்கும். எண்ணெய்க் குச்சியில் அளவு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போவதைப் பார்த்துச் சிலர் மகிழ்வதுண்டு. உண்மையில் அது ஆபத்தின் அறிகுறி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டும், கிராங்க் ஷாஃப்டும் உலோகத்தின் மேல் நேரடியாகச் சுழல்வதில்லை. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கின்றன. டீசல் கலந்து நீர்த்த எண்ணெயால் அந்தப் படலத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

இந்தச் சொகுசு எஸ்.யு.வி.களின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவர் வந்தபோது அது விவசாயியின் வண்டி. லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங், முதுகை உலுக்கும் சவாரி. 1970இல் பொறியாளர் ஸ்பென் கிங் தலைமையில் உருவான ரேஞ்ச் ரோவர் அந்த இடத்தில் சுருள் ஸ்பிரிங்கை வைத்து, சேற்றில் போகும் வண்டியே நெடுஞ்சாலையிலும் சுகமாக ஓடலாம் என்று காட்டியது. 1979இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்து மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் வந்தது. ஆனாலும் ஓர் அடிப்படை முரண்பாடு மிச்சமிருந்தது. பாறைமேல் ஏற வண்டியின் வயிறு உயரமாக இருக்க வேண்டும், 120 கி.மீ. வேகத்தில் வளைவில் திரும்ப அதே வண்டி தாழ்ந்து நிற்க வேண்டும். இரும்பு ஸ்பிரிங்கின் உயரத்தை ஓட்டத்தின் நடுவே மாற்ற வழியில்லை. 1992இல் ரேஞ்ச் ரோவருக்கு வந்த ஏர் சஸ்பென்ஷன் அதற்கு விடை சொன்னது. இரும்புக்குப் பதில் ரப்பர் பை. உள்ளே அழுத்தப்பட்ட காற்று. காற்றைக் கூட்டினால் வண்டி எழும், குறைத்தால் தாழும்.

அந்த ரப்பர் பை படும் பாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து வண்டி 2,400 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. பையின் பயன்படு பரப்பு 100 சதுர செ.மீ. என்றால் உள்ளே ஏறத்தாழ 6 பார் அழுத்தம் வேண்டும். டயர்க் கடைக்காரரின் மொழியில் சொன்னால் 85 பி.எஸ்.ஐ. டயரில் நாம் அடிப்பது 35தான். டயருக்கு எஃகுக் கம்பி வலை உண்டு. இந்தப் பைக்கு மெல்லிய நூலிழைதான். அது நிற்கும்போதும் இரவும் பகலும் இந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஓடவில்லை என்பதால் அதற்கு ஓய்வு கிடையாது.

காற்றில் மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் ஓசோன், ரப்பர் மூலக்கூற்றுச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப்போய் அறுக்கிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில் இந்த அறுப்பு நுண்ணிய வெடிப்பாக விரிகிறது. பையின் அடிப்பகுதி மடியும் இடத்தில்தான் இழுவை அதிகம். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். இத்தகைய வேதிவினைகள் வெப்பம் பத்து டிகிரி கூடினால் சுமார் இரு மடங்கு வேகமாகும் என்பது வேதியியலாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. குளிர்நாட்டில் பத்து வருடம் உழைக்கும் ரப்பர், நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டியில் அவ்வளவு காலம் உழைக்கும் என்று நம்புவதற்கில்லை.

வெடிப்பு மயிரிழை அளவில் இருக்கும்போது ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. கம்ப்ரஸர் அவ்வப்போது ஓடி, போன காற்றை நிரப்பிவிடும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிக்குழல் சுடுவதைக் கையால் உணர்ந்திருப்போம். காற்றைப் பத்து மடங்கு அழுத்தும்போது, வெப்பம் வெளியே போக வழியில்லையென்றால், கோட்பாட்டளவில் அதன் சூடு 300 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் இந்தக் கம்ப்ரஸர் சில நிமிடம் ஓடிவிட்டு ஆறும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கசிவு இருந்தால் ஆற நேரமில்லை. அதன் பிஸ்டனுக்கு எண்ணெய் கிடையாது, டெஃப்லான் வளையம்தான். அது சூட்டில் தேய்ந்துபோகும்.

இதில் நுட்பமான இன்னொரு விஷயம் இருக்கிறது, பல மெக்கானிக்குகளுக்கே தெரியாதது. கம்ப்ரஸரின் வாயில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிய ஓர் உலர்த்தி உண்டு. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். வண்டி தாழும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அதே மணிகள் வழியாகத் திரும்பி வந்து அவற்றைக் காயவைக்கும். பையில் ஓட்டை இருந்தால் காற்று இந்த வழியில் திரும்புவதே இல்லை. வெடிப்பு வழியாகவே போய்விடுகிறது. மணிகள் காய வாய்ப்பின்றி ஈரத்தால் நிரம்பிவிடும். பிறகு ஈரம் வால்வுகளுக்குள் புகும், வால்வு துருப்பிடிக்கும். பை மாற்றும் செலவோடு முடிந்திருக்க வேண்டிய சிறு கசிவு கம்ப்ரஸரையும் வால்வுத் தொகுதியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. கம்ப்ரஸரை மட்டும் மாற்றி, பையை அப்படியே விட்டு விற்கப்படும் வண்டிகள் உண்டு. புதுக் கம்ப்ரஸரின் பில்லை விற்பவர் பெருமையாகக் காட்டுவார். பை மாற்றிய பில்லும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், தையற்காரரின் டேப் போதும். சமதரையில் மாலை வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை கதவைத் திறக்காமல், எஞ்சினை உயிர்ப்பிக்காமல் மீண்டும் அளக்க வேண்டும். கதவைத் திறந்தாலே சில வண்டிகளில் கம்ப்ரஸர் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்துவிடும். சில மாடல்களில் ஒரு மூலை இறங்கினால், வண்டி சாயாமலிருக்க மற்ற மூன்றையும் கணினியே இறக்கிவிடும். எனவே நான்கும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது நல்ல அறிகுறி என்று எண்ணிவிட வேண்டாம்.

பிறகு டயர்களைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வருடம் கடந்த டயரைக் கழற்றிவிடுங்கள் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் இது அழகு பற்றிய விஷயமே அல்ல. முன்னால் புது டயர், பின்னால் 5 மி.மீ. தேய்ந்த டயர் என்று வைத்துக்கொள்வோம். டயரின் ஆரம் 390 மி.மீ. என்றால் வித்தியாசம் ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல். நூறு கி.மீ. ஓட்டத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட ஐந்நூறு சுற்றுக்கு மேல் அதிகம் சுழல வேண்டும். நேர்சாலையில் போகும்போதும் நடுவிலுள்ள இணைப்பு இந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. கிளட்ச் தட்டுகள் கொண்ட இணைப்பாக இருந்தால் அவை ஓயாமல் உரசிச் சூடாகும். இரண்டு டயர் செலவை மிச்சம் பிடித்த ஒருவரின் வண்டியில் அந்த இணைப்பு அடங்கிய டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாவது இப்படித்தான்.

லோ ரேஞ்ச் கியரைப் போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. எஞ்சினின் திருப்புவிசையை ஏறத்தாழ மூன்று மடங்காக்கி, வேகத்தை அதே அளவு குறைக்கும் அமைப்பு அது. கொல்லிமலைச் சேற்றுக்கு உண்மையில் வேண்டியது அதுதான். நகரத்தில் இருந்த வண்டியில் ஒன்பது வருடமாக ஒருமுறைகூட அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதை மாற்றும் சிறு மோட்டார் அசையாமல் இறுகிப்போயிருக்கலாம். ரேஞ்ச் ரோவர் எவோக் போன்ற சில வண்டிகளில் லோ ரேஞ்சே கிடையாது என்பதும் நினைவிருக்க வேண்டும். பெயரையும் உருவத்தையும் நம்பிவிடக் கூடாது.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னை, 2018இல் கேரளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னை. மூழ்கிய வண்டிகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கொடுத்துவிட்டு அவற்றை ஏலம் விடுகின்றன. கழுவி மெருகேற்றி அவற்றில் சில மறுபடியும் சந்தைக்கு வருகின்றன. “இது 900 மி.மீ. தண்ணீரில் போகும் வண்டியாச்சே, வெள்ளம் என்ன செய்யும்?” என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2012இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு அந்த அளவு சொல்லப்பட்டது உண்மைதான். ரப்பர் அடைப்புகள் புதிதாக இருக்க, மெதுவாக ஓட்டி, சில நிமிடத்தில் கரையேறுவதற்கான அளவு அது. இரண்டு நாள் ஊறிக் கிடப்பதற்கான உறுதிமொழி ஆகாது.

எஞ்சினுக்குள் எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து? மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 500 மி.லி. அழுத்த விகிதம் 16 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் இடம் 33 மி.லி. மட்டும். அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே போக இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் போகும் வழி வேறு. நெடுஞ்சாலையில் ஓடி 80 டிகிரி சூடான டிஃபரன்ஷியல் 30 டிகிரித் தண்ணீரில் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று வருவதற்கென்றே ஒரு மெல்லிய மூச்சுக்குழாய் மேலே உயரமான இடம் வரை போகிறது. பழைய வண்டியில் அந்தக் குழாய் வெடித்திருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உறிஞ்சப்படும். லிஃப்டில் ஏற்றி டிஃபரன்ஷியல் எண்ணெயில் ஒரு துளி எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறமாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

வெள்ளத்தில் மூழ்கியதற்குத் தடயம் தேட வேண்டிய இடங்கள் அழகுபடுத்துபவரின் கை எட்டாதவை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சுருளுக்குள் இருந்த பகுதியில் வண்டல் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னிக் குழியில் மண். இவ்வகை வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் பலவும் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் இருக்கின்றன. செப்புக் கம்பியின் நுண்ணிழைகளுக்கு இடையே தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், பல அடி ஏறிப் போகும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு கனெக்டரில் பச்சைக் களிம்பாக அது வெளிப்படும்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் காந்தம் கொண்டுபோவது வழக்கம். ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று கண்டுகொள்வார்கள். 2012இல் வந்த ரேஞ்ச் ரோவரின் உடல் அலுமினியம், காந்தம் ஒட்டாது. அலுமினியத்தையும் அளக்கும் பெயின்ட் தடிமன் அளவி வேண்டும். வண்டியின் கணினியை ஸ்கேனர் வைத்துப் பார்க்கும்போது பிழைக்குறியீடு எதுவும் இல்லை என்றால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். முந்தின நாள் யாரோ அழித்திருந்தால், கணினியின் தன்சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே ஸ்கேனர் காட்டும். ஓடிய தூரமும் பல வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில் பதிவாகியிருக்கும். ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

கூலன்ட் குழாய்களைப் பற்றி ஒரு சொல். கண்ணாடி இழை கலந்த நைலான் குழாய்கள் சூடான கூலன்டில் வருடக்கணக்காக ஊறும்போது தண்ணீர் அந்த நைலானின் பிணைப்புகளை அறுக்கிறது. ஒரு நாள் குழாய் பிஸ்கட் போல உடையும். கூலன்ட் இல்லாமல் நான்கைந்து நிமிடம் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துபோகும், ஏனென்றால் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். எட்டு வயது கடந்த வண்டியில் இந்தக் குழாய்களை மாற்றியதற்கான பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வெளிமாநில வண்டியென்றால் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.), கடன் நீக்கச் சான்று, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுள் வரி ஆகியவற்றையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

அவினாசி சாலை வண்டியை அன்று மாலை அளந்துவிட்டு வந்தோம். விற்பவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. மறுநாள் காலை பின் இடது மூலை 34 மி.மீ. இறங்கியிருந்தது. முன்டயர் இரண்டும் புதுசு, பின்டயர் இரண்டும் வண்டியோடு வந்த ஒன்பது வயதானவை. லோ ரேஞ்ச் பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கியதே தவிர, கியர் விழவில்லை. தம்பி ஒன்றும் பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

மூன்று மாதம் கழித்து அவன் வாங்கியது 1,36,000 கி.மீ. ஓடிய ஒரு ஜப்பானிய வண்டி. சுருள் ஸ்பிரிங், நெடுஞ்சாலை ஓட்டம், முதல் சர்வீஸிலிருந்து பில்கள் அடங்கிய தடித்த கோப்பு. சொகுசில் அது ஒரு படி குறைவுதான். ஏர் சஸ்பென்ஷன் வண்டியே வேண்டும் என்று விரும்புகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். அதன் சவாரிக்கு ஈடு இல்லை. முன்பணம் கொடுக்கும் முன் ஓர் இரவு வண்டியை நிறுத்தி அளந்து பாருங்கள், குளிர்ந்த எஞ்சினை நீங்களே முதலில் செல்ஃப் அடியுங்கள். இந்த இரண்டுக்கும் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.